மாஸ்க் ஒழுகுதா, மங்குதா, முகத்தைக் கவ்வுதா? ஸ்கூபா மாஸ்க் கோளாறுகளைக் கண்டுபிடித்துச் சரிசெய்யும் வழி

மதுரையில் இருந்துகொண்டு கடலுக்குள் டைவ் அடிக்கப் போகிறவர்களுக்கு ஒரு தனிச் சங்கடம் உண்டு. மாஸ்க் வாங்குவது இங்கே வீட்டில் உட்கார்ந்து. அது முகத்துக்குச் சேரவில்லை என்று தெரிவது இராத்திரி முழுக்க பஸ்ஸில் தூங்கியும் தூங்காமலும் போய்ச் சேர்ந்த புதுச்சேரியில், அதுவும் படகு கரையை விட்டுக் கிளம்பிய பிறகு. மேல்மட்டத்தில் மிதந்தபடி மூச்சு விட வாயில் கடித்துக்கொள்ளும் குழாயான ஸ்நார்க்கல் போடத்தான் என்றாலும் ராமேஸ்வரம் நமக்கு 170 கிலோமீட்டர். பாதிக் கடலில் நின்றுகொண்டு மாஸ்க்கை மாற்றிக் கேட்க முடியாது.

என் முதல் மாஸ்க் அப்படித்தான் அமைந்தது. ஆன்லைனில் படத்தைப் பார்த்து, நீல நிறம் பிடித்துப்போய் வாங்கினேன். முதல் டைவில் அரை நிமிடத்துக்கு ஒருமுறை மூக்கால் ஊதித் தண்ணீரை வெளியே தள்ளியது ஞாபகம் இருக்கிறது, மீன் பார்த்த ஞாபகம் சுத்தமாக இல்லை. அப்புறம் மூன்று மாஸ்க் மாறியாகிவிட்டது. அதில் தெரிந்துகொண்டதைக் கோளாறு வாரியாக எழுதுகிறேன், உங்களுக்கு எது நடக்கிறதோ அந்த இடத்துக்குப் போய்ப் படியுங்கள்.

அதற்கு முன்னால் ஒன்றே ஒன்று. ஒழுகினால் உடனே பட்டையை இறுக்காதீர்கள். எல்லோருடைய கையும் முதலில் அங்கேதான் போகும், என் கையும் போனது. பட்டையின் வேலை மாஸ்க் கழன்று விழாமல் பிடித்துக்கொள்வது மட்டும்தான். தண்ணீருக்குள் மாஸ்க்கை முகத்தோடு சேர்த்து அழுத்துவது வெளியே இருக்கும் தண்ணீரின் அழுத்தம், அதற்குமேல் பட்டையை இழுத்தால் முகத்தில் படிகிற மெத்தென்ற சிலிக்கான் பகுதி (இதை ஸ்கர்ட் என்பார்கள், இனி நானும் அப்படியே சொல்கிறேன்) மடங்கிச் சுருங்கும். சுருங்கிய இடத்தில் வழி விடும். இன்னும் இறுக்குவீர்கள், இன்னும் ஒழுகும்.

உள்ளே தண்ணீர் வருகிறது, எங்கிருந்து என்று தெரியவில்லை

முதலில் அது ஒழுகல்தானா என்று பாருங்கள். புதிதாக டைவ் அடிக்கிறவர்கள் பலர் தங்களை அறியாமல் மூக்கு வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக மூச்சு விடுவார்கள். ஒவ்வொரு தடவை காற்று வெளியேறும்போதும் ஸ்கர்ட் லேசாகத் தூக்கும், அந்த இடைவெளியில் ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே வரும். பக்கத்தில் இருக்கும் துணைவரிடம், என் மாஸ்க் ஓரத்தில் குமிழி வருகிறதா பார் என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள். நீங்கள் மூச்சு விடும் நேரத்தில் மட்டும் குமிழி வந்தால் குற்றம் மூக்கின் மேல், மாஸ்க் மேல் இல்லை. மேலே ஏறும்போது மட்டும் குமிழி வந்தால் அது கோளாறே இல்லை, அழுத்தம் குறையக் குறைய உள்ளே இருக்கும் காற்று விரிந்து வழிகிறது, அவ்வளவுதான்.

மூக்கு இல்லை என்று உறுதியானால், வீட்டுக்கு வந்து ஒரு சோதனை. மாஸ்க்கைக் கண்ணாடி கீழே இருக்கும்படி கிண்ணம் மாதிரி பிடித்து, உள்ளே தண்ணீர் ஊற்றி, பழைய செய்தித்தாளுக்கு மேலே ஐந்து நிமிடம் வைத்திருங்கள். கண்ணாடியும் சட்டமும் சேரும் இடத்தில் சொட்டினால் முகத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை, மாஸ்க்கே போய்விட்டது. சட்டத்தில் விரிசல் இருக்கலாம், அல்லது கண்ணாடியைக் கழற்றி மாட்டும் வகையில் இடையில் மணல் மாட்டியிருக்கலாம். மணல் என்றால் கழுவினால் தீரும், விரிசல் என்றால் பசை போட்டு ஒப்பேற்றாமல் புதிது வாங்குங்கள். மூக்குப் பகுதியில் தண்ணீரை வெளியேற்றும் வால்வு வைத்த மாஸ்க் என்றால் அந்த வால்வையும் பாருங்கள், ஒரு மணல் துகள் போதும் அது மூடாமல் போவதற்கு. எனக்கு அந்த வால்வு வைத்த வகை பிடிக்காது. ஒழுகக்கூடிய இடம் ஒன்று கூடுகிறதே தவிர, மூக்கால் ஊதிச் செய்கிற வேலையை அது ஒன்றும் பெரிதாகக் குறைத்துவிடவில்லை.

செய்தித்தாள் காய்ந்தே இருந்தால் மிச்சம் உங்கள் முகமும் மாஸ்க்கும் ஒன்றுக்கொன்று சேருகிறதா என்பதுதான். பட்டையை முன்பக்கம் தூக்கிப் போட்டுவிட்டு, முகத்தை அண்ணாந்து விட்டத்தைப் பார்த்தபடி வைத்துக்கொண்டு, மாஸ்க்கை முகத்தின் மேல் சும்மா வையுங்கள். அழுத்த வேண்டாம். ஸ்கர்ட் சுற்றிலும் தோலில் படிகிறதா, எங்காவது தொங்கலாக நிற்கிறதா என்று வீட்டில் ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். கன்னத்தின் ஓரமும் மூக்கின் இரண்டு பக்கமும்தான் பெரும்பாலும் காட்டிக்கொடுக்கும். பிறகு மூக்கால் மெதுவாக, பூவை முகர்வது மாதிரி, ஒரு சின்ன மூச்சு இழுத்து நிறுத்துங்கள். தலையை நேராக்கினாலும் மாஸ்க் விழாமல் ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும்.

இதில் ஒரு ஏமாற்று வேலை இருக்கிறது. பலமாக உறிஞ்சினால் எந்த மாஸ்க்கும் ஒட்டும், சேராததுகூட. கடையில் நிற்கிறவர் நல்லா இழுங்க சார், நல்லா இழுங்க என்று சொல்வார், கேட்காதீர்கள். மெதுவாக இழுத்தும் ஒட்டினால்தான் அது உங்களுக்கானது.

அது தேறிவிட்டால் வாயில் ஸ்நார்க்கலைக் கடித்துக்கொண்டு இன்னொரு தடவை செய்யுங்கள். வாயில் எதையாவது கடித்திருக்கும்போது உதடும் கன்னமும் வேறு வடிவத்துக்குப் போய்விடும், வெறும் வாயோடு சேர்ந்த மாஸ்க் அப்போது விட்டுவிடலாம். கடைசியாக மூக்குப் பாலத்தையும் புருவ நடுவையும் கவனியுங்கள். சட்டத்தின் கடினமான பகுதி அங்கே லேசாகத் தட்டினாலும் நாற்பது நிமிட டைவில் அது ஆணி அடித்த மாதிரி வலிக்கும். இந்தச் சோதனையில் தோற்கும் மாஸ்க்கைச் சரிசெய்ய வழியே கிடையாது. விலை அதிகம், பெயர் பெரிய பிராண்ட், நண்பனுக்கு அருமையாகச் சேருகிறது, இதெல்லாம் கணக்கில் வராது. ஆன்லைனில் வாங்குவதானால் திருப்பி எடுத்துக்கொள்ளும் இடமாகப் பார்த்து வாங்கி, பெட்டியைப் பிரித்த பத்தாவது நிமிடம் இதைச் செய்துவிடுங்கள், பற்பசை வேலையெல்லாம் (கீழே வருகிறது) அதற்குப் பிறகுதான்.

மூக்குக்குக் கீழேதான் ஒழுகுகிறது

மீசை. மதுரைக்காரர்களுக்கு இதைத் தனியாக எழுதித்தான் ஆக வேண்டும். என் மாஸ்க் ஒழுகுகிறது என்று படகில் நான் புலம்பிக்கொண்டிருந்தபோது, படகோட்டி என் முகத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, மாஸ்க் ஒழுகல. மீசைதான் ஒழுகுது." அவரும் மீசைக்காரர்தான். "அப்ப நீங்க என்னண்ணே பண்றீங்க?" என்றேன். மூக்குக்கு நேர் கீழே ஒரு கோடு மட்டும் எடுத்திருந்ததைக் காட்டினார்.

அதுதான் வழி. மேலுதட்டில் ஸ்கர்ட் படியும் இடம் மூக்குக்கு உடனடியாகக் கீழே இருக்கும் ஒரு மெல்லிய பட்டை. அந்த அரை சென்டிமீட்டரை மட்டும் வழித்தால் போதும், கீழே மீசை முறுக்கோடு இருக்கலாம், கல்யாண வீட்டில் யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். அதற்கும் மனது வரவில்லை என்றால் ஸ்கர்ட் படியும் இடத்தில் சிலிக்கான் கிரீஸ் கொஞ்சம் தடவலாம். வாசலின் தடவும் பழக்கம் பலரிடம் இருக்கிறது, செய்யாதீர்கள். அது பெட்ரோலியத்தில் இருந்து வருவது, டைவிங் சாமான்களின் ரப்பருக்கு ஆகாது, கண்ணாடியில் பட்டால் பிசுக்கு லேசில் போகாது. என் அனுபவத்தில் வளர்ந்த மீசையைவிட மோசமானது வழித்து இரண்டு நாள் ஆன முள் மீசை. முழு மீசை மடங்கிக்கொடுக்கும், முள் ஸ்கர்ட்டைத் தூக்கி நிறுத்தும்.

மீசை இல்லாதவர்களுக்கும் இங்கே ஒழுகலாம். தண்ணீருக்குள் சிரித்தால் கன்னம் மடிந்து கோடு விழும், அந்தக் கோடு ஒரு வாய்க்கால். ஆமையைப் பார்த்துச் சிரிக்காமல் இருப்பது கஷ்டம்தான், ஊதித் தள்ளிக்கொள்ளுங்கள். சிரிக்காமலே ஒழுகுகிறது என்றால் மாஸ்க் முகத்துக்கு நீளமாக இருக்கிறது, மேலே சொன்ன அண்ணாந்து பார்க்கும் சோதனைக்குத் திரும்புங்கள்.

நெற்றியிலும் காதோரத்திலும் ஒழுகுகிறது

முடி. ஒரே ஒரு முடி ஸ்கர்ட்டுக்கு அடியில் மாட்டினாலும் அதன் வழியாகத் தண்ணீர் வரும். மாஸ்க் போட்ட பிறகு ஆள்காட்டி விரலை ஸ்கர்ட் ஓரமாக நெற்றியைச் சுற்றி ஒரு ஓட்டு ஓட்டி முடியையெல்லாம் வெளியே எடுங்கள். தலையை மூடும் ஹூட் போட்டிருந்தால் அதன் ஓரமும் உள்ளே போயிருக்கலாம்.

அடுத்தது எண்ணெய். சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை டைவ் போனால் நெற்றியில் மாஸ்க் வழுக்கிக்கொண்டே இருக்கும், கண்ணாடியும் மங்கும். வெயிலுக்குப் பூசும் கிரீமும் இதே வேலையைச் செய்யும். தண்ணீரில் இறங்குவதற்கு முன்னால் நெற்றியையும் கன்னத்தையும் சோப்புப் போட்டுக் கழுவிவிடுங்கள். காலையில் பட்டையாகப் பூசிய விபூதிக்கும் அதே கதைதான், சாமி கோபித்துக்கொள்ளாது.

இரண்டும் இல்லையென்றால் பட்டை எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பாருங்கள். பின்மண்டையில் புடைத்து நிற்கும் எலும்புக்குக் கொஞ்சம் மேலே இருக்க வேண்டும். காதுக்கு அருகே கழுத்துப் பக்கம் இறங்கினால் மாஸ்க்கின் கீழ்ப்பகுதியை இழுத்து மேல்பகுதியைத் தூக்கிவிடும், உச்சியில் ஏறினால் நேர்மாறாக நடக்கும். கொண்டை போடுகிறவர்களுக்கு இது பெரிய தொல்லை, கொண்டை பட்டையை மேலேயோ கீழேயோ தள்ளிவிடும். தாழப் பின்னல் போட்டுக்கொண்டு, பட்டைக்கு மேலே நியோப்ரீன் (டைவிங் உடை தைக்கும் மெத்தென்ற ரப்பர்த் துணி) உறை ஒன்று மாட்டினால் முடியும் பிடுங்காது, பட்டையும் நகராது. சிலிக்கான் பட்டை முடியைப் பிடித்து இழுப்பதற்கு மொட்டைத் தலையர்களைத் தவிர எல்லோரும் சாட்சி.

ஐந்து நிமிடத்தில் கண்ணாடி மங்கிவிடுகிறது

டவுன்ஹால் ரோட்டில் ஜிகர்தண்டா வாங்கிக் கையில் பிடித்தால் தம்ளரின் வெளிப்பக்கம் வியர்க்கிறது இல்லையா, அதேதான் இங்கே உள்பக்கம் நடக்கிறது. முகத்தின் சூடும் மூக்கின் ஈரமும் சேர்ந்த காற்று மாஸ்க்குக்குள் இருக்கிறது, வெளியே தண்ணீர் பட்டுக் கண்ணாடி குளிர்ந்திருக்கிறது, ஈரம் கண்ணாடியில் பொடிப்பொடித் துளியாகப் படிகிறது. துளியாக நின்றால் மங்கல். அதே ஈரம் மெல்லிய ஏடாகப் பரவிவிட்டால் கண்ணுக்குத் தெரியவே தெரியாது. மழைக்காலத்தில் அந்தக்கால லாரி டிரைவர்கள் முன்கண்ணாடியில் புகையிலையைத் தேய்த்தது இந்த ஏட்டுக்காகத்தான். நாம் எச்சில் துப்புவதும் ஷாம்பு தடவுவதும் அதற்காகத்தான்.

மாஸ்க் புதிதா பழையதா என்பதைப் பொறுத்து வைத்தியம் வேறு. புது மாஸ்க்கில் தொழிற்சாலையில் இருந்து வந்த ஒரு படலம் கண்ணாடியின் உள்பக்கம் ஒட்டியிருக்கும். அது இருக்கும்வரை எச்சிலும் ஷாம்பும் நிற்காது. வெள்ளைப் பற்பசை, ஜெல் இல்லாத சாதாரண வகை, ஒரு பட்டாணி அளவு எடுத்து இரண்டு கண்ணாடியின் உள்பக்கமும் விரலால் இரண்டு மூன்று நிமிடம் அழுத்தித் தேய்த்து, காயவிட்டுக் கழுவுங்கள். ஒரு தடவையில் போகாது. நான் நான்கு தடவை செய்தேன். பாட்டி வீட்டுப் பல்பொடியை வைத்துத் தேய்க்கலாமா என்று ஒருவர் கேட்டார், வேண்டாம், அதில் என்ன நெருநெருப்பு இருக்கிறது என்று நமக்குத் தெரியாது. போய்விட்டதா என்று பார்க்கக் கண்ணாடியில் வாயால் ஊதுங்கள், உடனே வெள்ளையாகப் படிந்து நகர மறுத்தால் இன்னும் இருக்கிறது.

லைட்டர் நெருப்பைக் கண்ணாடியின் உள்பக்கம் காட்டி அந்தப் படலத்தை எரிப்பவர்களும் உண்டு. கறுத்துப் பிறகு துடைத்தால் போய்விடும், வேலை செய்கிற முறைதான். ஆனால் ஒரே இடத்தில் நிறுத்தினால் கண்ணாடி விரியலாம், ஓரத்துக்குப் போனால் சிலிக்கான் கருகும். கண்ணாடியில் நிறப்பூச்சோ பவர் லென்ஸோ இருந்தால் தொடவே கூடாது. பற்பசைக்கு மசியாத கண்ணாடிக்கு மட்டும், முன்னே பின்னே செய்தவர் கையால் என்றால் சரி. பூச்சுள்ள கண்ணாடி என்றால் பற்பசையும் கூடாது, அதோடு வந்த குறிப்புத்தாள் சொல்வதை மட்டும் செய்யுங்கள்.

பழைய மாஸ்க் திடீரென்று மங்க ஆரம்பித்தால் முகத்து எண்ணெயும் கிரீமும் உள்ளே படிந்திருக்கிறது. பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு விட்டுக் கழுவினால் போதும்.

டைவுக்கு முன்னால் செய்வதற்கும் ஒரு வரிசை உண்டு, வரிசை மாறினால் பலன் இல்லை. கண்ணாடி காய்ந்திருக்க வேண்டும். அதில் எச்சிலைத் துப்பி மூலை முடுக்கெல்லாம் தேய்க்க வேண்டும், பிறகு கடல் தண்ணீரில் ஒரே முக்கு முக்கி எடுக்க வேண்டும். விரலால் மறுபடி துடைக்கக் கூடாது, துடைத்தால் போட்டதெல்லாம் போச்சு. எச்சில் நமக்கு வீட்டில் பெரிய தீட்டு, எனக்கும் முதலில் கூசியது, அதனால் பேபி ஷாம்புவைப் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து சின்னப் புட்டியில் எடுத்துப் போகிறேன், கண்ணும் எரியாது. வாடகை மாஸ்க் என்றால் நீங்கள் கூசாவிட்டாலும் அடுத்தவர் கூசுவார், ஷாம்புதான் மரியாதை. அப்புறம் முகத்தையும் கடல் தண்ணீரால் நனைத்துக் குளிரவைத்துவிட்டு மாஸ்க்கைப் போடுங்கள். வெயிலில் படகில் மாஸ்க்கை மாட்டிக்கொண்டு கால் மணி நேரம் கதை பேசினால் எந்த மருந்தும் நிற்காது. இவ்வளவுக்குப் பிறகும் மங்கினால் மூக்கால் மூச்சு விடுகிறீர்கள், முதல் தலைப்புக்குப் போங்கள்.

முகத்தை உறிஞ்சிப் பிடிக்கிறது, வெளியே வந்தால் கண் சிவந்திருக்கிறது

இது மட்டும் அலட்சியம் செய்யக் கூடாதது. 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் கரையில் இருப்பதைப்போல் இரண்டு மடங்கு, மாஸ்க்குக்குள் இருக்கும் காற்று பாதியாகச் சுருங்கப் பார்க்கும். சுருங்குவதற்குக் கண்ணாடி இடம் கொடுக்காது, அதனால் உங்கள் முகத்தையும் கண்ணையும் உள்ளே இழுக்கும். சிறு இரத்தக் குழாய்கள் வெடித்துக் கண்ணின் வெள்ளை பயங்கரச் சிவப்பாகிவிடும், கண்ணைச் சுற்றி வீங்கிக் கன்றிப்போகும். பார்க்கத்தான் பயங்கரம், பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்தில் தானாகக் கலைந்துவிடும். வலியோ பார்வையில் மாற்றமோ இருந்தால் காத்திருக்காமல் கண் மருத்துவரிடம் போங்கள்.

காரணம் ஒன்றுதான், இறங்கும்போது மூக்கு வழியாகக் காற்று விட மறந்திருக்கிறீர்கள். மூக்கால் விடாதே என்று மேலே சொன்னதற்கு இது முரண் இல்லை. இறங்கும் நேரத்தில் மட்டும், மாஸ்க் முகத்தைப் பிடிப்பதாகத் தோன்றும்போதெல்லாம், ஒரு சின்ன விசும்பல் அளவு. முதல் 10 மீட்டரில்தான் மாற்றம் மிக வேகம், அதனால் அங்கே அடிக்கடி. நீச்சல் குளத்துக்குப் போடும் கண்ணாடியை டைவுக்குப் போடக் கூடாது என்பதும் இதனால்தான், மூக்கு வெளியே இருந்தால் உள்ளே காற்று விட வழியே இல்லை. மதுரையில் நான் ஏறி இறங்கிய விளையாட்டுச் சாமான் கடைகளில் மாஸ்க் என்று கேட்டால் பெரும்பாலும் அதைத்தான் எடுத்துக் காட்டினார்கள். முகம் முழுவதையும் மூடி மேலே குழாய் நீட்டிக்கொண்டிருக்கும் ஸ்நார்க்கல் மாஸ்க்கும் மேல்மட்டத்தில் மிதக்க மட்டும்தான், சிலிண்டரோடு கீழே போக அல்ல.

முத்துக்குளித்த காலத்தில் தூத்துக்குடிப் பக்கம் கல்லைக் கட்டிக்கொண்டு இறங்கியவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை, முகத்தில் எதுவுமே கிடையாது. அவர்களுக்கு வேறு தொல்லைகள்.

கண் சிவக்கவில்லை, நெற்றியில் மட்டும் வட்டமாகத் தழும்பு விழுகிறது, தலை வலிக்கிறது என்றால் அது பட்டை இறுக்கம். ஒரு பல் தளர்த்துங்கள்.

காதை விடுவிக்க மூக்கைப் பிடிக்க முடியவில்லை

இறங்கும்போது காது அடைக்கும், மூக்கைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஊதினால்தான் விடும். பிடிக்க முடியவில்லை என்றால் மாஸ்க்கில் மூக்கு உட்காரும் பை கடினமாகவோ சிறியதாகவோ இருக்கிறது. கடையிலேயே கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வைத்து மூக்கை மூட முடிகிறதா என்று பாருங்கள், கையுறை போடுவீர்கள் என்றால் அதோடு. நம்மில் மூக்கு கொஞ்சம் அகலமானவர்கள் அதிகம், மூக்குத்தி போட்டவர்களும் உண்டு, அழுத்தினால் குத்தும். பை மெத்தென்று இருக்கிற மாஸ்க்காக மாற்றுவதைத் தவிர இதற்கு வைத்தியம் இல்லை.

கருவியில் இருக்கும் எண் தெரியவில்லை

தண்ணீருக்குள் மாஸ்க் வழியாகப் பார்க்கும்போது எல்லாமே மூன்றில் ஒரு பங்கு பெரிதாகவும் கால் பங்கு கிட்டேயும் தெரியும். அயிரை மீன் பார்த்தவன் விரால் பார்த்ததாகச் சொல்வது பொய் இல்லை, ஒளி வளைவது. இந்தப் பெரிதாக்கலால் மைனஸ் ஒன்றுக்கு உள்ளே பவர் இருப்பவர்கள் பலர் ஒன்றும் மாட்டாமலே சமாளித்துவிடுகிறார்கள்.

அதற்கு மேல் என்றால் மூக்குக்கண்ணாடியை மாஸ்க்குக்குள் போட முடியாது, அதன் காது ஸ்கர்ட்டைத் தூக்கிவிடும். இரண்டு தனிக் கண்ணாடி உள்ள மாஸ்க்காக வாங்கி, அதற்கென்று தயாராகக் கிடைக்கும் பவர் லென்ஸை மாற்றிக்கொள்வது சுலப வழி. அவை அரை அரை பவராகத்தான் வரும், சிலிண்டர் பவர் (கண் சீட்டில் CYL என்று தனியாக எழுதியிருப்பது, காற்றுச் சிலிண்டர் இல்லை) இருக்காது. சிலிண்டரில் பாதியை மற்றப் பவரோடு கூட்டிக்கொள்வது வழக்கம்: மைனஸ் 2.50, சிலிண்டர் மைனஸ் 1.00 என்று சீட்டில் இருந்தால் மைனஸ் 3.00 லென்ஸ். இரண்டு படிக்கு நடுவே விழுந்தால் பெரும்பாலும் குறைந்ததை எடுக்கிறார்கள். சிலிண்டர் அதிகம் என்றால் இந்தக் கணக்கு கைகொடுக்காது, மாஸ்க் கண்ணாடியிலேயே உங்கள் பவரை ஒட்டித் தருகிறவர்களிடம் போக வேண்டும். எப்படியானாலும் பழைய சீட்டை வைத்து ஆர்டர் போடாதீர்கள். அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிற ஊரில் உட்கார்ந்துகொண்டு மூன்று வருடத்துக்கு முந்தைய பவரைச் சொல்லி லென்ஸ் வாங்குவது நமக்கு அழகில்லை.

காண்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்களுக்கு மென்மையான வகை பரவாயில்லை, தினமும் தூக்கிப்போடும் வகை இன்னும் நல்லது, மாஸ்க்கில் தண்ணீர் ஏறினால் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். கடின வகையின் அடியில் குமிழி மாட்டும், அது வேண்டாம்.

தூரத்து மீன் பளிச்சென்று தெரிகிறது, கையில் இருக்கும் காற்று மீட்டர் மட்டும் கலங்கலாக இருக்கிறது என்றால் உங்களுக்கு நாற்பது தாண்டிவிட்டது. கண்ணாடியின் கீழ் ஓரத்தில் ஒட்டும் சின்ன வாசிப்பு லென்ஸ் கிடைக்கிறது. காற்று எவ்வளவு மிச்சம் என்று தெரியாமல் இருப்பதைவிட வயதை ஒப்புக்கொள்வது மேல்.

குகைக்குள் இருந்து எட்டிப் பார்ப்பது மாதிரி இருக்கிறது

கண்ணாடி முகத்தில் இருந்து தள்ளி இருக்கிறது. உள்ளே காற்று குறைவாகப் பிடிக்கும் மாஸ்க்கில் கண்ணாடி கண்ணுக்குக் கிட்டே வரும், பார்வையும் விரியும், தண்ணீர் ஏறினால் ஊதித் தள்ளுவதும் சுலபம். பக்கவாட்டு ஜன்னல் வைத்தவை வெளிச்சம் தரும், ஆனால் உள்ளே காற்று அதிகம். கறுப்பு ஸ்கர்ட் போட்டு மூச்சு முட்டுகிறது என்கிறவர்கள் நிறமில்லாத ஸ்கர்ட்டுக்கு மாறுங்கள். நீருக்கடியில் படம் எடுக்கிறவர்கள் கறுப்பைத்தான் விரும்புவார்கள், பக்கவாட்டு வெளிச்சம் கண்ணில் அடிக்காது.

ஸ்கர்ட் மஞ்சளாகிவிட்டது, அல்லது பிசுபிசுக்கிறது

நிறமில்லாத சிலிக்கான் நாளாக நாளாக மஞ்சளாகும், அதனால் மட்டும் ஒழுகாது, விட்டுவிடுங்கள். கறுப்பு ரப்பர் சாமானோடு ஒரே பையில் போட்டு வைத்தால் சீக்கிரமே கறை ஏறும். கறும்புள்ளி என்றால் பூஞ்சை, வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊறவைத்துப் பழைய பல் துலக்கியால் தேய்க்க வேண்டும். பிசுபிசுப்பும் விறைப்பும் இருந்தால் அது சிலிக்கானே இல்லாமல் மலிவான பிளாஸ்டிக்காக இருக்கலாம். வாங்கும்போதே சிலிக்கான் என்ற எழுத்தும், கண்ணாடியில் டெம்பர்டு என்ற முத்திரையும் இருக்கிறதா பார்த்துக்கொள்ளுங்கள். டெம்பர்டு கண்ணாடி உடைந்தாலும் கத்தியாகச் சிதறாது, கண்ணுக்கு இரண்டு அங்குலத்தில் இருப்பது வேறு எப்படி இருக்க வேண்டும்?

சித்திரை வெயிலில் மூடிய காருக்குள், அதிலும் டேஷ்போர்டு மேல், மாஸ்க்கை வைக்காதீர்கள். அழகர் ஆற்றில் இறங்கிய அன்று கூட்டத்தில் மாட்டிக்கொண்டு நான் காரைத் திறக்க சாயங்காலம் ஆகிவிட்டது. கவிழ்த்து வைத்திருந்த பக்கம் ஸ்கர்ட் மடிந்தே நின்றுவிட்டது. அந்த மடிப்பு அப்புறம் நேராகவே இல்லை, இரண்டாவது மாஸ்க் போனது அப்படித்தான். நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் காயவைத்து, வந்த பெட்டியிலேயே எதுவும் அழுத்தாமல் வையுங்கள்.

கீழே இருக்கும்போது முழுக்க நிரம்பிவிட்டது

பதறி மேலே ஓடாதீர்கள், மூச்சையும் அடக்காதீர்கள். வாயில் ரெகுலேட்டர் (சிலிண்டர் காற்றை மூச்சுக்குத் தரும் கருவி) இருக்கிறது, காற்று வந்துகொண்டேதான் இருக்கிறது. தலையைக் கொஞ்சம் அண்ணாந்து, மாஸ்க்கின் மேல் சட்டத்தை நெற்றியோடு விரலால் அழுத்திக்கொண்டு, மூக்கால் நிதானமாக நீளமாக ஊதுங்கள். காற்று மேலே சேரும், தண்ணீர் கீழே வழியாக வெளியேறும். ஒரு மூச்சில் தீராவிட்டால் இன்னொன்று.

பயம் வருவது மூக்கில் தண்ணீர் ஏறும் அந்த உணர்வால், அதை ஊரிலேயே பழகிவிடலாம். மாஸ்க் இல்லாமல் ஸ்நார்க்கலை மட்டும் கடித்துக்கொண்டு, பம்புசெட் தொட்டியில் நின்றபடி முகத்தை முக்கி, வாயால் மட்டும் மூச்சு விட்டுப் பாருங்கள். சோழவந்தான் பக்கம் மாமா தோட்டத்துத் தொட்டியில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை செய்தேன், மூன்றாவது ஞாயிறு பயம் இல்லை. பக்கத்தில் ஒரு ஆள் நிற்க வேண்டும், கிணற்றில் இறங்கி இதைச் செய்யக் கூடாது.

பட்டை அறுந்துவிட்டது

படகில் ஏறுவதற்கு முன்னால் பக்கிள் அருகே பட்டையை வளைத்துப் பாருங்கள், மயிரிழை போன்ற வெடிப்பு தெரிந்தால் அன்றே மாற்றிவிடுங்கள். உதிரிப் பட்டை ஒன்று பையில் எப்போதும் கிடக்கட்டும். படகில் நிற்கும்போது மாஸ்க்கை நெற்றியில் ஏற்றி வைக்காமல் கழுத்தில் இறக்கி விடுங்கள். ஒரு அலை போதும் அதைத் தட்டிக்கொண்டு போக, தண்ணீரில் நெற்றியில் மாஸ்க்கோடு மிதக்கிறவரைப் பார்த்தால் ஆபத்தில் இருக்கிறாரோ என்று படகில் இருப்பவர்களும் பதறுவார்கள்.